அரசன் படிக்கக் கூடாத நோட்டு

தியோடரை நான் பதின்மூன்று வருஷம் சந்தேகப்பட்டேன். மாதச் சம்பளம் வாங்கியதைப் போல, ஒரு மாதம்கூடத் தவறாமல் சந்தேகப்பட்டேன். அவர் செத்து மூன்று மாதம் ஆகிறது.

ஆள் பார்வைக்குச் சாது. தெற்கே நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர். ராணுவத்தில் கிளார்க்காக இருந்து வெளியே வந்து, சைனிக்புரியில் இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டு, 1964-ல் எங்கள் பொதுத்துறை ஆலையில் சேர்ந்தார். இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் கிளார்க் வேலை. அந்த ஷாப்புக்கு இன்சார்ஜ் இளங்கோவனாகிய நான். வயதில் நான் எட்டு வருஷம் சின்னவன் என்பதால் அவரை நான் சார் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

அவர் சட்டைப் பையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். கிரேன் நின்றால் மைப்பேனாவைத் திறந்து எழுதுவார். ஒருவன் இன்னொருவனை அறைந்தால் எழுதுவார். மேலதிகாரி பத்து மணிக்கு வந்தால் அதையும் எழுதுவார். விஜிலென்ஸ் ஆள் என்றது யூனியன். யூனியன் ஆள் என்றது நிர்வாகம். ஒர்க்ஸ் மேனேஜரே ஒருமுறை கை நீட்டிக் கேட்டார். “நீங்க பாத்தா அப்புறம் அது நோட்டு இல்ல சார்” என்று சொல்லிவிட்டுத் தியோடர் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தத் தைரியம்தான் எனக்கு முதலில் உறுத்தியது. பின்னால் யாரும் இல்லாமல் ஒரு கிளார்க் அப்படிப் பேசுவானா?

கேண்டீனில் ஒரு நாள் அந்த ஊர் உருதுவைக் கலந்து நேராகவே கேட்டேன். “கைக்கு சார், எதுக்கு இந்த வம்பு?”

கொரியாவில் பிடித்த பழக்கம் என்றார். 1953-ல் அங்கே சண்டை நின்றதும் கைதிகளைக் காவல் காக்கப் போன நம் படையில் அவரும் போயிருக்கிறார். முகாமுக்கு மொழிபெயர்க்க வந்தவர் கிம் என்ற கிழட்டு வாத்தியார். அவருடைய தாத்தா குதிரை மயிரில் பின்னிய கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு ராஜாங்கப் பரீட்சை எழுதியவராம். ஐந்நூறு வருஷம் ஒரே வம்சம் ஆண்ட நாடு அது. மகன் அப்பனுக்கு அடங்க வேண்டும், குடி அரசனுக்கு அடங்க வேண்டும் என்று கன்பூசியஸ் சொன்னதே சட்டம். அப்பன் செத்தால் மூன்று வருஷம் துக்கம் காக்க வேண்டும். அவ்வளவு அடக்கத்துக்கு நடுவிலும் அரசனுக்கு அடங்காத ஒருத்தன் அரண்மனையில் இருந்திருக்கிறான். அரசன் சொல்வதையும் செய்வதையும் பக்கத்திலிருந்து எழுதுகிறவன்.

“ராஜா ஒரு நா மான் வேட்டைக்குப் போயி குதிரையில இருந்து விழுந்துட்டாரு தம்பி. எந்திரிச்சதும் சுத்திப் பாத்துட்டு, எழுதுதவனுக்குத் தெரியக் கூடாதுன்னாரு. அவன் விழுந்ததையும் எழுதினான், ராஜா அப்படிச் சொன்னதையும் எழுதினான்.”

“படிச்சா தலைய எடுத்துட மாட்டாரா?”

“படிக்கவே கூடாதுல்லா. ராஜா செத்த பொறவு எல்லாத்தையும் சேத்துச் சரித்திரமா எழுதுவாவ. எழுதி முடிச்சதும் இந்த நோட்டையெல்லாம் ஓடைத் தண்ணியில கழுவிருவாவ. யாரு என்ன எழுதினான்னு ஒருத்தனுக்கும் தெரியாது.”

சிரித்து வைத்தேன். எங்கள் ஆலையில் வழக்கம் இதற்கு நேர் எதிர். மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பற்றி வருஷத்துக்கு ஒருமுறை ரகசிய அறிக்கை எழுதுவான். எழுதப்பட்டவன் அதைப் பார்க்க முடியாது. தியோடரைப் பற்றி எழுதுகிறவன் நான்தான்.

பிறகு 1968 ஜூன் 17 வந்தது. திங்கட்கிழமை. நான்காம் நம்பர் பிரஸ்ஸில், கை உள்ளே போகாமல் தடுக்கும் இரும்புக் கூண்டைக் கழற்றச் சொல்லியிருந்தேன். கூண்டு இல்லாவிட்டால் வேலை வேகமாக நடக்கும், மாத இலக்கு எட்டிவிடும். பதினொரு மணிக்கு, அரக்கோணத்திலிருந்து வந்த பெருமாள் என்ற நல்ல தொழிலாளிக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

அவனைத் தூக்கிக்கொண்டு போனதும் திரும்பினேன். தியோடர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

“இத எழுதாதீங்க சார்” என்றேன்.

அவர் பேனாவின் மூடியைப் போட்டார். விசாரணைக் குழு வருவதற்குள் கூண்டை மாட்டிவிட்டேன். தொழிலாளியின் கவனக்குறைவு என்று அறிக்கை கொடுத்தேன். பெருமாளை ஆலை கேட்டில் வருகை டோக்கன் கொடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அதற்கப்புறம் அவனுக்குப் பதவி உயர்வு என்பதே இல்லை.

அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் போகும்போதுதான் குதிரைக் கதை நினைவுக்கு வந்தது. அரசன் சொன்னதையே நானும் சொல்லியிருக்கிறேன். அதையும் அவர் எழுதியிருப்பாரோ?

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். அவர் நோட்டைத் திறக்கும்போதெல்லாம் ஜூன் 17-ஐத்தான் புரட்டுகிறார் என்று தோன்றியது. யூனியன்காரனோடு டீ குடித்தால், சொல்லிவிட்டாரோ? என்னைப் பார்த்துச் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறார்? ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவருடைய மேஜை டிராயரைத் திருடனைப் போலத் துழாவினேன். சீப்பும் சின்ன பைபிளும் இஞ்சி மிட்டாயும் இருந்தன. அந்த ஆத்திரத்தில் அவ்வருஷ ரகசிய அறிக்கையில் ‘நம்பத்தக்கவர் அல்ல’ என்று எழுதினேன். அவர் ஓய்வு பெறும்வரை வருஷா வருஷம் அதையே எழுதினேன். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேலே போனார்கள். ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததும் எனக்குச் சந்தேகம்தான்.

1981-ல் ஓய்வு பெற்ற மறுவாரம், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வரச் சொன்னார். போனால் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஒரு பெரிய அலுமினிய அண்டா. பதினேழு நோட்டுகளையும் பிரித்து அதில் அலசுகிறார்.

“நீங்களே கேளுங்க தம்பி” என்றார் அவர் மனைவி ஜெயசுந்தரி. “ஆராதனை முடிஞ்சு வந்ததுல இருந்து நோட்டைக் கழுவுதாரு. கிறுக்குதான்.”

அண்டாத் தண்ணீர் நீலமாக இருந்தது. துணிக்கொடியில் காகிதங்கள் வெள்ளையாகத் தொங்கின. என் நெஞ்சில் ஏறியிருந்த பாறை இறங்கியது. இறங்கின மறுநிமிஷம் திரும்ப ஏறியது. சரித்திரம் எழுதி முடித்த பிறகுதானே கழுவுவார்கள்?

“நல்ல பிரதி எங்க சார்?”

உள்ளே போய் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். 1968-ஐப் புரட்டினேன். ஜூன் 15, கிரேன் நின்றது. ஜூன் 18, கேண்டீன் கூரை ஒழுகியது. நடுவில் ஜூன் 17 என்று தேதி மட்டும் இருந்தது. கீழே அரைப் பக்கம் வெறுமை.

“நீங்க எழுதாதேன்னீங்க. நான் எழுதல” என்றார். “பயம் தம்பி. குதிரைக் கதைய ஊரெல்லாம் சொன்னவன், அன்னைக்கு மூடியப் போட்டுட்டேன். கேட்டுல டோக்கன் வாங்கும்போது பெருமாள் கையப் பாக்கவே மாட்டேன்.” பேனாவை என்னிடம் நீட்டினார். “எடம் விட்டிருக்கேன். நீங்க எழுதுதியளா?”

“நக்கோ சார், வேணாம். பழைய கதை” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். இல்லாத ஒரு வரிக்காக அந்த மனுஷனின் பிழைப்பைக் கெடுத்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு ஏழு வருஷம் இருந்தது. சொல்லவில்லை.

போன மாதம் ஜெயசுந்தரி அம்மாள் அந்த நீள நோட்டை என்னிடம் கொடுத்தார். எனக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று தியோடர் சொல்லியிருந்தாராம். நான் ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இது வெளியே வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நேற்று அந்த அரைப் பக்கத்தில் எழுதினேன்.

‘நான்காம் நம்பர் பிரஸ். கூண்டு இல்லை. கழற்றச் சொன்னவன் நான். பெருமாளின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கவனக்குறைவு என்று நான் கொடுத்த அறிக்கை பொய். தியோடர் நம்பத்தக்கவர் அல்ல என்று எழுதியதும் பொய். இதை எழுதாதீங்க என்று அவரிடம் சொன்னேன்.’

பெருமாள் பக்கத்துப் போலாரத்தில் மகள் வீட்டில் இருக்கிறான். நோட்டை எடுத்துக்கொண்டு இன்று அங்கே போகிறேன். கொரியாவில் அரசன் செத்த பிறகுதான் படிப்பார்கள். பெருமாள் என் எதிரிலேயே படிக்கட்டும்.