மருமோன் வாங்கின ரவை மெசின்

என்ரை மகளின்ரை மனிசன் கனகாலம் சுவிஸில இருந்திட்டு லண்டனுக்கு வந்தவர். துவக்குக் கிளப்புக்குப் போய்க் கடதாசியில கீறின வட்டத்துக்குச் சுடுறது அங்க பழகின பழக்கம். லைசென்ஸ் எல்லாம் இருக்கு. பொலிஸ் நாங்கள் எல்லாரும் இருக்கிற ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்கு வந்து, துவக்கு வைக்கிற இரும்பு அலுமாரியை ஆட்டிப் பாத்திட்டுத்தான் போனது.

2009இல ஒருநாள் நான் வெங்காயம் உரிக்கேக்க ரெண்டு படத்தோட வந்து நிண்டார்.

"மாமி, ரவை செய்யிற மெசின் வாங்கப்போறன். எது நல்லது, சொல்லுங்கோ."

"ரவை வெம்பிளிக் கடையளில பைக்கற்றில கிடக்கு தம்பி. வறுத்ததும் இருக்கு."

"இது துவக்கு ரவை மாமி."

ஒரே சொல்லுத்தான். ஒண்டில உப்புமாக் கிண்டலாம். மற்றதுக்குப் பயந்து ஊரில பங்கருக்குள்ள கிடந்தனாங்கள். ரெண்டையும் அண்டைவரைக்கும் நான் பக்கத்தில வைச்சுப் பாத்ததில்லை.

அவரின்ரை பழைய துவக்குக்கு ரவை கிடைக்கிறது கஷ்டமாம். சுட்ட வெறுங்கோதில வெடிமருந்தும் குண்டும் போட்டுத் திருப்பிச் செய்யலாமாம். ஒரு மெசின், கைபிடியை இழுத்தால் ஒரு கோதில ஒரு வேலைதான் செய்யும். மற்றதில தட்டுச் சுத்தும், ஒரு இழுப்புக்கு ஒரு ரவை விழும். அவரின்ரை கண் சுத்துறதிலதான்.

மகள் குசினி வாசலில நிண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வருசம் எங்கட வீட்டில ரீவி ஓய்ஞ்சதில்லை. வன்னிச் சண்டைக்குள்ள அகப்பட்ட என்ரை தங்கச்சி குடும்பத்தைத் தேடிக்கொண்டிருந்தம்.

"இந்த வீட்டில ரவை குவிஞ்சால், நான் பிள்ளையளோட அக்கா வீட்டை போறன்" எண்டாள். சத்தம் போடேல்லை. அவள் சத்தம் போடாட்டித்தான் பயப்பிடோணும்.

மருமோன் என்னைப் பாத்தார். மாமி பகிடி விட்டுச் சமாளிப்பா எண்டு நினைச்சிருப்பார்.

"உந்தச் சுத்துறது என்னத்துக்குத் தம்பி?"

"கெதியா முடியும் மாமி. பெட்டி பெட்டியாச் செய்யலாம்."

"ஆரோட சண்டை, இவ்வளவு அவசரமா?"

"கடதாசியோடதானே மாமி."

"கடதாசி ஓடித் தப்பாது. ஆறுதலாச் சுடுங்கோ."

அவர் சிரிச்சார். மகள் சிரிக்கேல்லை. நான் அவளைக் கேட்டன்: "அவர் ஒண்டொண்டாச் செய்து, செய்த அவ்வளவையும் ஞாயிற்றுக்கிழமை சுட்டு முடிச்சிட்டு வந்தால்?"

அவள் அவரைப் பாத்துச் சொன்னாள்: "ஒண்டும் மிஞ்சக்கூடாது. மெசின் பின்வளவு ஷெட்டிலதான் நிக்கோணும்."

"ஓம்" எண்டு அவர் சுத்துற மெசினின்ரை படத்தை மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைச்சார். முகம் வாடித்தான் போச்சு.

மகளுக்காகச் சொன்னனோ எனக்காகச் சொன்னனோ, இப்பவும் தெரியாது. தங்கச்சி வீட்டுப் பக்கம் விழுந்த குண்டுகளையும் ஆரோ ஒரு மெசினில கெதியாத்தான் செய்திருப்பினம்.

மெசின் வந்த முதல் கிழமை அவர் இருபது செய்தார். ஞாயிறு நல்ல மழை. நனைஞ்சு வந்து, சப்பாத்துக் கழட்ட முதல் பெட்டியை மகளுக்கு முன்னால கவிழ்த்துக் காட்டினார். வெறுங்கோதுகள்தான். அவள் ஒவ்வொண்டா நிமித்தி எண்ணினாள். இருபது. பேந்து தேத்தண்ணி போட்டுக் குடுத்தாள், சீனி போடாமல். மறந்தாளோ, மறக்கேல்லையோ, நான் கேக்கேல்லை. அவர் குடிச்சு முடிச்சிட்டார்.