கோணிப்பை நிறையக் கத்தி

“…கசாப்புக் கடைக்காரங்க கத்தின்னு நீ சொல்றே. அவங்களைக் கேட்டா எங்களுது இல்லேங்கறாங்க. அப்போ யாரை வெட்டக் கொண்டு போறே?” என்று இந்தியில் அதட்டியபடி, இன்ஸ்பெக்டர் என் கோணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார். கத்திகள் கலகலவென்று விழுந்தன.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. புனேயில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். போபோடியில் ஒற்றை அறை வீடு. மனைவி எஸ்தர் நிறைமாதம். சைக்கிளில் சாணைக்கல்லைப் பொருத்திக்கொண்டு தொழில் தொடங்கினேன். கேம்ப் பஜாரில் கறிக்கடை, மீன்கடை மூடும் நேரத்தில் கத்திகளை வாங்கி வருவேன்; தீட்டி, மறுநாள் காலையில் கொடுப்பேன். மராத்தி எழுத வராது. அதனால் அவரவர் துணியில் ஒரு துண்டு கிழித்துப் பிடியில் கட்டித் தரச் சொல்வேன். அதுதான் எனக்கு அடையாளம். மீன்காரி சாந்தாபாய் மட்டும், “கத்தியும் குடுத்துப் புடவையும் கிழிக்கணுமா? நல்ல தொழில்டா உன்னுது!” என்று ஏசிக்கொண்டே தன் பச்சை முந்தானை ஓரத்தைக் கிழித்தாள்.

அந்த வாரம் ஊரெங்கும் கலவரப் பயம். “இன்னிக்கு ஒரு நாள் போகாட்டி என்னங்க?” என்றாள் எஸ்தர். “அவங்க பொழைப்பே இந்தக் கத்தியில இருக்கும்மா” என்று கிளம்பினேன். கேம்ப் முனையிலேயே பிடித்துவிட்டார்கள்.

கடைக்காரர்கள் கைவிட்டதை நான் குறை சொல்லமாட்டேன். போலீஸ் வந்து கத்தியைக் காட்டினால் அந்த நேரத்தில் யார்தான் என்னுடையது என்பார்கள்?

“எழுதுப்பா கேஸை” என்றார் இன்ஸ்பெக்டர். எனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். எஸ்தருக்கு வலி வந்தால் யார் இருக்கிறார்கள்? கண்ணை மூடினேன். ‘கர்த்தாவே, எனக்காகப் பேச ஒரே ஒரு ஆளை அனுப்பும்.’

வாசலில் சத்தம். “எங்கே என் கோய்தா? மீன் நாறுது, இவனை உட்கார வச்சு வேடிக்கையா பார்க்கறீங்க?”

சாந்தாபாய்! தடுத்த கான்ஸ்டபிளைத் தோளால் தள்ளிவிட்டு வந்தாள். பச்சைத் துணி கட்டிய கோய்தாவை, தன் வெட்டுக்கத்தியை, எடுத்து, தன் முந்தானைக் கிழிசலோடு சேர்த்துப் பிடித்தாள். நூலுக்கு நூல் பொருந்தியது.

“பாருங்க சாஹேப்! இது கறிக்கடை அப்துல் பாய் லுங்கி. இது கேண்டீன்காரன் பனியன். ஆளைக் கூப்பிடுங்க, மிச்சம் உடம்புல இருக்கும்!”

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு துணியாகத் தொட்டுப் பார்த்தார்.

“வீட்டுக்குப் போ. ஊர் அடங்கட்டும், அப்புறம் வந்து கத்தியை வாங்கிக்கோ.”

அந்த வாரமே எங்களுக்குப் பெண் பிறந்தாள். சாந்தி என்று பெயர் வைத்தோம். இன்று எனக்குச் சொந்தமாக ஒரு சின்னக் கடை இருக்கிறது. கல்லைச் சுற்றுமுன் ஜெபிக்காமல் ஒரு நாளும் தொடங்கியதில்லை. பிரியமானவர்களே, யாரை அனுப்பவேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தால், சாந்தாபாய் பெயரைக் கடைசியில்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். கர்த்தருக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்காகப் பேச ஒருவரும் இல்லாத இடத்திலும் அவரைக் கேளுங்கள். ஆளை அவர் பார்த்துக்கொள்வார்.

அன்று ஊர் அடங்கியபின் பயந்து பயந்து ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் கோணிப்பையை என் பக்கம் தள்ளினார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து தன் வீட்டு அரிவாள்மனையை எடுத்தார். பாக்கெட்டிலிருந்த கைக்குட்டையின் ஓரத்தைக் கிழித்து, அதன் காலில் கட்டி, என் முன்னால் வைத்தார்.