தலையை இறக்கினால் பாட்டு முடியும்

மேடையில் பேஸ் கிதார் வாசிக்கிறவனுக்கு இடம் எது என்று கேட்டால், ஸ்பீக்கர் பெட்டிக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் மிச்சம் கிடக்கிற இடம்தான். தேனி, சின்னமனூர், கம்பம் என்று கல்யாண வரவேற்புகளுக்குப் பாடப் போகிற எங்கள் குழுவில் பல வருடமாக நான் அங்கேதான் நிற்கிறேன். கூட்டத்துக்கு என் முகம் தெரியாது. வாசிப்பதும் தனியாகக் காதில் விழாது. ஒருமுறை கூடலூரில் பந்தியில் பக்கத்து இலைக்காரர், வயதானவர், நான் என்ன வாசிக்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"அப்ப பெரியாத்துத் தண்ணி மாதிரின்னு சொல்லுங்க. மலைக்குள்ள சொரங்கத்துல வர்றப்ப யாரு பாக்குறாக? வயல்ல பச்சையப் பாத்துத்தான் தண்ணி வந்துருக்குன்னு தெரியும்" என்றார். பிறகு இலையில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே, "இருந்தாலும் ஒங்க பாடு பாவந்தான்" என்றார்.

என்னைப் பார்க்கிற ஆள் மேடையில் ஒருவர் இருந்தார். எங்கள் டிரம்ஸ்காரர். உத்தமபாளையத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். முதல் நாளே என்னை மாப்ளே என்றார், நான் மாமா என்றேன், அந்த உறவு அப்படியே நிலைத்துவிட்டது. சரியாகச் சொன்னால் அவர் பார்த்தது என்னைக்கூட இல்லை, என் கிதாரின் தலையை. கழுத்தின் நுனியில், கம்பியை முறுக்கும் கீக்கள் மாட்டியிருக்கிற பலகைக்குத்தான் தலை என்று பெயர்.

எங்கள் பாடகர்தான் குழுவின் முதலாளியும். மாப்பிள்ளை வீட்டார் ஆட ஆரம்பித்துவிட்டால் பல்லவியைத் திரும்பத் திரும்பப் பிடிப்பார். எப்போது முடிப்பார் என்று அவருக்கே தெரியாது. மாமாவுக்கு ஸ்பீக்கர் மறைத்துவிடும். எனக்குப் பாடகரின் முதுகு தெரியும். தோள் தளர்வதைப் பார்த்து, இதுதான் கடைசிச் சுற்று என்று கண்டுகொண்டு கிதாரின் தலையைக் கீழே இறக்குவேன். பெட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த தலை இறங்கியதும் மாமா ஓங்கி ஒரு அடி. பாட்டு முடியும். அந்த அடியும் என் கடைசிச் சுரமும் ஒன்றாக விழும்போது, பின்னால் நின்று கிடந்ததெல்லாம் மறந்துபோகும்.

பிறகு ஒரு மழையில், ஜீப்பின் மேல் கட்டிக்கொண்டு போனதில், அந்தக் கிதாரின் கழுத்து வளைந்துவிட்டது. புதிதாகச் செய்யச் சொல்லிக் குமுளியில் ஒருவரிடம் போனேன். கட்டில், கதவு செய்கிற பட்டறைக்குள்ளேயே ஒரு மூலையில் ஆசைக்குக் கிதார் செய்கிறவர்.

நான் யாரிடமும் உட்கார்ந்து படித்தவன் இல்லை. பேட்டரிக் கடை வேலை போக, காதாலும் கைபேசியாலும் பொறுக்கியதுதான். ஆனால் கருத்துக்குப் பஞ்சமே கிடையாது. பேஸின் உடலில் கழுத்தை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கிற மேல்கொம்பு நீளமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. தோள்வார் மாட்டுகிற இடம் அதன் நுனியில் இருப்பதால், கொம்பு குட்டையானால் கழுத்துப் பக்கம் சாயும். இடது கை வாசிக்கிறதா, சுமக்கிறதா என்று தெரியாது. வலது முழங்கை படுகிற ஓரத்தைச் சீவியிருக்க வேண்டும். முதுகுப் பக்கம் வயிற்றுக்குக் குழிவு வேண்டும். நாற்பதைத் தாண்டியவனுக்கு இது அழகுக்காக அல்ல. அலங்காரத்துக்கென்று தீயும் மின்னலுமாக வெட்டிய உடல்களை உட்கார்ந்து வாசிக்க முடியாது, தொடையில் குத்தும். தலையைப் பற்றி? தலையே வேண்டாம் என்பதுதான் என் கருத்தாக இருந்தது. கீக்களை உடலின் அடிப்பக்கத்தில் வைத்துத் தலையில்லாமல் செய்வது இப்போது உண்டு. எடை குறையும், சாயாது, பஸ்ஸில் மேல் பலகையில் அடங்கும்.

இதையெல்லாம் பேச ஊரில் எனக்கு ஆள் இல்லை. பழனிசெட்டிபட்டியில் என் மாடி அறைக்குக் கீழே டீக்கடை. அங்கே நான் வரைந்த கிதார் படத்தை விரித்தால் ஆளுக்கொரு யோசனை. கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் நாம், தலையில் திராட்சைக் குலை செதுக்கு என்றார் ஒருவர். "ஏலே, தோசைக்கரண்டி மாதிரி இருக்கு" என்றார் டீ மாஸ்டர். எங்கள் குழு முதலாளிக்கு மயில் வேண்டும். "எண்சாண் ஒடம்புக்குச் சிரசே பிரதானம்யா, தலையில்லாத முண்டத்தத் தூக்கிக்கிட்டுக் கல்யாண வீட்டுக்கு வருவியா?" என்றார்.

மாமா மட்டும் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தல எங்கன மாப்ளே?"

"இதுக்குக் கெடையாது மாமா."

"அப்ப எதப் பாத்து நான் முடிக்க? ஒன் மூஞ்சியவா? அதுல என்னைக்கு எது தெரிஞ்சுச்சு?"

சிரித்தேன். அன்றைக்கே குமுளிக்கு போன் போட்டுத் தலை வைக்கச் சொல்லிவிட்டேன். வைக்கிறதுதான் வைக்கிறோம், நல்ல நீளமாக, நான்கு கீயும் ஒரே வரிசையில். முகப்பில் வெள்ளை வண்ணம், மேடை விளக்கில் பளிச்சென்று தெரிய. அந்தப் பாரத்தைச் சமாளிக்க மேல்கொம்பை இன்னும் நீட்டினோம். தோளுக்காக உடலை மலைவேம்பில் கேட்டிருந்தேன், இலேசான மரம். உடல் இலேசாகித் தலை கனத்தால் சாயத்தான் செய்யும் என்று செய்கிறவரும் சொன்னார், எனக்கும் தெரியும். பரவாயில்லை என்றேன்.

வாங்கப் போன நாள், பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்துக் கம்பியை மீட்டிக்கொண்டிருந்தேன். மாமா கூப்பிட்டார். நானே கூப்பிட இருந்தேன், தலையைப் படமெடுத்து அனுப்ப.

"மாப்ளே, திருப்பூர்ல மச்சான் பனியன் கடைய ஒத்த ஆளாப் பாக்க முடியலையாம். வரச் சொல்றாக. வீட்டுலயும் சரின்னுட்டாக."

"எப்ப மாமா?"

"இந்த வாரத்துல." மடியில் இருந்த கம்பியை ஒருமுறை மீட்டினேன். "தல வச்சாச்சா?" என்று கேட்டார்.

"வச்சாச்சு."

"நல்லா இருக்கா?"

நல்லா இருக்கு என்றேன்.

முதலாளி வேறு டிரம்ஸ்காரரைத் தேடவில்லை. கீபோர்டுக்காரரின் லேப்டாப்பிலிருந்தே தாளம் வந்தது. தப்பே வராத தாளம். அதைக் குறை சொன்னால் வாய் வெந்துபோகும். பாட்டை எங்கே முடிப்பது என்றும் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டார்கள். டிரம்ஸ் இருந்த இடத்தில் இப்போது ஒரு ஃபேன் சுழல்கிறது. முதல் கல்யாணத்தில் பழக்கத்தில் தலையை இறக்கினேன். அது இறங்குவதற்குள் பாட்டு முடிந்திருந்தது. பாடகர் திரும்பிப் பார்த்தார்.

"என்னய்யா, யாருக்குக் கும்புடு போடுற?" என்று மைக்கிலேயே கேட்டார். கூட்டம் சிரித்தது. பல வருடத்தில் அன்றைக்குத்தான் கூட்டம் என்னைப் பார்த்தது.

இடது தோளும் மணிக்கட்டும் வலிக்க ஆரம்பித்தன. கையை எடுத்தால் தலை தானாகத் தொங்கும். பஸ்ஸில் மேலே அடங்காது, காலிடுக்கில் நிறுத்திப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். யாரும் பார்க்காத ஒன்றுக்காக இவ்வளவு சுமக்க வேண்டுமா என்று தோன்றியது. ஒரு செவ்வாய்க்கிழமை குமுளிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

"தலை வேண்டெங்கில் அறுத்துக் களையாம் சேட்டா" என்றார் அவர் மலையாளம் கலந்து. "கீயெல்லாம் அடியில மாத்தித் தர்றேன். ஆனா அறுத்தா திரும்ப ஒட்ட மாட்டேன், அதையும் சொல்லிடுறேன்."

கம்பிகளைக் கழற்றி, கிதாரை மேசையில் இறுக்கி, வெள்ளை வண்ணத்தின் மேல் பென்சிலால் கோடு போட்டார். ரம்பம் தேடப் போனார். அந்த இடைவெளியில் கைபேசியை எடுத்தேன், சும்மா. மாமாவிடமிருந்து குரல்பதிவு வந்து கிடந்தது. போன வாரம் சின்னமனூர்க் கல்யாணத்தில் யாரோ எடுத்துப் போட்ட வீடியோ அவர் கண்ணில் பட்டிருக்கிறது. பின்னால் தையல் மெஷின் சத்தம்.

"மாப்ளே, நீ ஓரத்துல பாதிதான் தெரியிற, ஆனா தல முழுசாத் தெரியிது, சூப்பரா இருக்குடா. ரெண்டாவது பாட்டுல சீக்கிரமா எறக்கிட்டயே? இன்னும் ஒரு சுத்து கெடந்துச்சுல்ல. நான் இங்கன கல்லாவுல ஓங்கி அடிச்சுட்டேன். மச்சான் பயந்துட்டாக."

இன்னொரு தடவை கேட்டேன். நான் இறக்கவில்லை, கையை எடுத்தபோது தானாகத் தொங்கியிருக்கும். ரம்பத்தோடு வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"வேண்டாமோ?"

"வேண்டாங்க. கம்பிய மாட்டிருங்க."

அவர் முகம் சுளிக்கவில்லை, தலையாட்டிக்கொண்டே மாட்டினார். பென்சில் கோட்டை அழிக்க மறந்துவிட்டார், நானும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வர முடிந்தது. பதில் அனுப்பலாம் என்று பார்த்தால் மலைப்பாதையில் சிக்னல் இல்லை. கிதாரைப் பையோடு முன்னால் நிறுத்தி அணைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாய, தலையும் சாய்ந்து இறங்கியது. நிமிர்த்தினேன். அடுத்த வளைவில் மறுபடி இறங்கியது.

"அண்ணே, அந்தத் தலையக் கொஞ்சம் புடிங்க, ஆளுக மேல இடிக்குதுல்ல" என்றார் கண்டக்டர்.

பிடித்துக்கொண்டேன்.