லேபிளில் விழுந்த மாலை

உயிரோடு இருந்த ஒரு சுமங்கலியைச் செத்துப்போனவள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எட்டாம் வகுப்போடு நின்றவன். குளித்துத் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான் என்று என்னைப் பற்றி ஊரில் சொல்வார்கள். அந்தத் திருநீறு நெற்றியில் இருக்கும்போதுதான் அந்தக் கையெழுத்தையும் போட்டேன்... இதுவரை என் மனைவிக்குக்கூடத் தெரியாது. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளில் நான் பஹ்ரைனில் இருந்தேன். மனாமா கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் வேலை. முதலாளி அரபிக்காரர், அர்பாப் என்று கூப்பிடுவோம். எனக்கு விசா கொடுத்த கஃபீலும் அவர்தான். அவர் போ என்றால் மறுநாளே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

செண்பகத்தக்கா ஈசா டவுனில் குடியிருந்தாள். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அவள் புருஷன் அங்கே ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். நான் அத்தான் என்பேன். வெள்ளிக்கிழமை லீவு நாளில் எனக்குச் சாப்பாடு அங்கேதான். கூடப் பிறக்கவில்லை. அதனால் என்ன? நான்கு வருஷம் எனக்குச் சோறு போட்ட கை அது.

அக்கா பருப்புப்பொடி இடித்துத் தருவாள். நான் கடையில் வைத்து விற்பேன். தொழிலாளர் கேம்ப்பில் இருக்கிற ஆட்களெல்லாம் “செண்பகம் பொடி வந்திருச்சா?” என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் எதிர்க் கடைக்காரனும் ஏதோ ஒரு பொடியை அதே பெயர் சொல்லி விற்கத் தொடங்கினான்.

அர்பாப் கொதித்துப்போனார். பெயரையும் அந்த அம்மாவின் படத்தையும் போட்டு லேபிள் அடி, அரசாங்க ஆபீஸில் பதிந்துவிடு, பிறகு எவனும் தொட முடியாது என்றார். “அந்த அம்மா சம்மதிப்பாளா?” என்றும் கேட்டார். “என் அக்கா மாதிரி, நான் சொன்னால் தட்டமாட்டாள்” என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

“நோன்பு மாசத்துக்கு முன்னால் முடி. உனக்கு ஃபேமிலி விசா தருகிறேன்.”

அப்போது என் மகளுக்கு மூன்று வயது. அவளை நான் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தேன்! அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? அக்காவிடம் கேட்பதற்கு முன்னாலேயே, பொங்கலுக்கு எல்லோரும் சேர்ந்து எடுத்த போட்டோவிலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டிச் சிவகாசிக்கு அனுப்பிவிட்டேன். “படத்தைச் சுற்றிப் பூ வேலை நன்றாக இருக்கட்டும்” என்று அச்சகத்துக்குக் கடிதமும் எழுதினேன்.

அதற்கப்புறம்தான், இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பெயரையும் படத்தையும் போட்டு ஆபீஸில் பதியலாமா என்று அக்காவிடம் போய்க் கேட்டேன்.

“பொடி எம்புட்டு வேணும்னாலும் இடிச்சித் தாரேன். பேரும் மூஞ்சியும் வேண்டாம் தம்பி.”

“ஏன்க்கா?”

“தின்னு முடிச்சிட்டு கவர எங்க போடுவாக? குப்பையிலதான? எம்மூஞ்சிய ஒட்டகம் திங்கவா?”

அத்தான் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னார்: “விடுறா மாப்ள. பாவம், ஒட்டகம் பொழச்சிப் போகட்டும்.”

அக்கா கரண்டியை ஓங்கினாள். சிரித்தோம். நானும் சிரித்தேன்... அந்த நேரத்தில் அவள் முகம் சிவகாசியில் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது.

அர்பாபிடம் அவள் மறுத்துவிட்டாள் என்று சொன்னேனா? இல்லை. அச்சகத்துக்கு நிறுத்தச் சொல்லித் தந்தி கொடுத்தேனா? அதுவும் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று நாளைக் கடத்தினேன்.

லேபிள் கட்டு வந்தது. பிரித்தேன். பூ வேலை என்று நான் எழுதியதை அச்சகத்துக்காரர் எப்படி எடுத்துக்கொண்டாரோ! தனியாக வெட்டி அனுப்பிய முகம், சுற்றிப் பூ... நம் ஊரில் அதற்கு அர்த்தம் ஒன்றுதானே? அக்காவின் படத்துக்கு, மேலிருந்து கீழே தொங்குகிற மாதிரி, குஞ்சம் வைத்த மல்லிகை மாலை போட்டிருந்தார். பார்த்தவுடன் அங்கேயே லேபிள் கட்டைத் தீயில் போட்டிருக்க வேண்டாமா நான்?

அதைத்தான் ஆபீஸுக்கு எடுத்துப் போனேன்.

அங்கே இருந்த அதிகாரி வயதான அரபி. நல்ல மனிதர். நம் ஆட்களோடு பழகி இந்தி பேசுவார். படத்தில் உள்ளவர் உயிரோடு இருந்தால் அவர் சம்மதம் எழுதி, கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும் என்று சட்டத்தைச் சொல்லிவிட்டுக் கை நீட்டினார்.

“காகஜ் கிதர்?” காகிதம் எங்கே?

“மாஃபி” என்றேன். இல்லை.

அவர் லேபிளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மாலையின் மேல் விரலை ஓட்டினார். இந்தியர்கள் கடைகளில் மாலை போட்ட படங்களைப் பார்த்திருப்பார் போல. குரல் தணிந்துவிட்டது.

“காகஜ் மாஃபி... யா ஔரத் மாஃபி?”

காகிதம் இல்லையா, இல்லை அந்தப் பெண்ணே இல்லையா?

நான் பொய் சொல்லலாம் என்று போகவில்லை. அந்தக் கேள்வி தானாக வந்தது. ஒரு நிமிஷம்... என் முருகா, அந்த ஒரு நிமிஷம்! காகிதம் மட்டும்தான் இல்லை என்று சொல்ல எனக்கு இரண்டு சொல் போதும். ஆனால் கண்ணுக்கு முன்னால் என் மகள் நின்றாள்.

“ஔரத் மாஃபி” என்றேன்.

அவர் நெஞ்சில் கை வைத்து, “அல்லாஹ் யர்ஹம்ஹா” என்றார். அல்லாஹ் அவளுக்கு இரங்கட்டும் என்று அர்த்தமாம். உயிரோடு, அந்த நேரம் ஈசா டவுனில் பருப்பு வறுத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு, நான் தலை குனிந்து துக்கம் வாங்கிக்கொண்டேன்! பிறகு ஒரு தாளில் டைப் அடித்தார்கள். படத்தில் இருப்பவர் காலமானவர். அடியில் நான் கையெழுத்துப் போட்டேன்.

விசா வந்தது. மனைவி வந்தாள். மகள் வந்தாள். முதல் வெள்ளிக்கிழமையே அவர்களை அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனேன். என்னைப் பார்த்து மிரண்டு அழுத பிள்ளை, அக்காவின் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அக்கா உருட்டி உருட்டி ஊட்டினாள். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

பத்து நாள் ஆகியிருக்கும். மத்தியானம் கடைக்கு அக்கா தனியாக வந்தாள். கையில் ஒரு பாக்கெட்.

“நான் என்னைக்குடா செத்தேன்?”

பாக்கெட்டில் இருந்த படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“வேண்டாம்னு சொன்னேன்ல? சரி, போட்டுத் தொலைச்ச. மாலை எதுக்குடா? தாலி கட்டுன மனுசன் குத்துக்கல்லாட்டம் இருக்காரு. கட்டையில போனவளுக்குப் போடுற மாலை... கெளம்பு. எந்த ஆபீஸ்ல பதிஞ்ச? நானே வந்து சொல்லுதேன், இந்த மூஞ்சி என்னுது, எடுங்கன்னு.”

கிளம்பிவிட்டாள். நான் வரவில்லையென்றாலும் விசாரித்துக்கொண்டு போய்விடுவாள். அந்தப் பெரியவருக்கு முன்னால் இவள் போய் நின்றால்? என் விசா, என் பிள்ளை, எல்லாம் கலாஸ், தீர்ந்தது! ஜெயில்கூட உண்டு.

அப்போது என் வாயிலிருந்து வந்ததைத்தான் உங்களிடம் சொல்லக் கூசுகிறேன். கையெழுத்தைக்கூட பயம் என்று சொல்லிவிடலாம். இதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்?

“அக்கா, செத்தவங்க மாலை இல்லக்கா அது. அம்பாளுக்குச் சாத்துற மாலை. உங்கள நான் அப்பிடித்தானக்கா நெனச்சிருக்கேன்...”

நெற்றியில் திருநீறு இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அப்பிடியா நெனச்ச?” குரல் உடைந்துவிட்டது. தன் படத்தைத் தானே கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “சரி... கால்ல மிதிபடாமப் பாத்துக்கோ.”

போய்விட்டாள். பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் என்னை நம்பினாள்! ஒரு அடி அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

காலம் ஓடிவிட்டது. அர்பாப் கடையை மூடினார். நாங்களும் அக்கா வீட்டாரும் ஊர் திரும்பினோம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா பெயருக்கு, அவள் நட்சத்திரம் சொல்லி, ஆயுளுக்கு அர்ச்சனை செய்கிறேன். குருக்கள் என் பாசத்தை மெச்சுகிறார். பாசமா இது? அவள் மூச்சு இருக்கிற வரைக்கும்தான் நான் எழுதியது பொய். அவள் போய்விட்டால் அந்தக் காகிதம் மெய்யாகிவிடும். அந்தப் பயத்துக்குத்தான் தேங்காய் உடைக்கிறேனோ? எனக்கே தெரியவில்லை.

போன மாதம் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. எண்பதைத் தாண்டிவிட்டாள். கோணல் எழுத்து.

‘தம்பி, அந்தப் பொடி லேபிள் ஒண்ணு வச்சிருந்தா அனுப்பு. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா மாட்டுறதுக்கு நல்ல படம் இல்லைன்னு பேரப்பிள்ளைக தேடுதுக. அதுல மாலையோடயே இருக்கேன்ல, மாலை வாங்குற வேலை மிச்சம். ஒட்டகம் திங்காம ஒண்ணாவது கெடக்கும்ல?’

கிடக்கிறது. பெட்டியின் அடியில் ஒன்றே ஒன்று. உறை வாங்கி முகவரியும் எழுதிவிட்டேன். மாலையோடு அனுப்பக் கை வரவில்லை. நேற்று பிளேடை வைத்து, மாலையை மட்டும் மெதுவாகச் சுரண்டிப் பார்த்தேன்.

முகமும் சேர்ந்து வருகிறது.