செய்முறை முடியும்வரை

கைதட்டும் சத்தம் பள்ளிக்கூட மதிலைத் தாண்டி வீதிவரைக்கும் என்னோடு வந்தது. மத்தியான வெயிலில் இளகிக் கிடந்த தார் என் ரப்பர்ச் செருப்பைப் பிடித்துப் பிடித்து விட, அடிக்கு அடி ‘சப், சப்’ என்று கேட்டது. கொஞ்ச தூரம் போனதும் எது கைதட்டல், எது செருப்பு என்று பிரிக்க முடியவில்லை. பள்ளி விடுவதற்குச் சற்று முன் எல்லோரையும் முற்றத்தில் கூட்டி, எங்கள் பள்ளியில் உயர்தர விஞ்ஞான வகுப்பைத் தொடர்ந்து நடத்த அனுமதி கிடைத்துவிட்டது என்று அதிபர் அறிவித்திருந்தார். கல்வி அதிகாரியின் முன்னால் செய்முறையைச் சிறப்பாகச் செய்து காட்டியவன் என்று என் பெயரையும் சொன்னார். பிள்ளைகள் தட்டத் தொடங்கியதும் நான் வரிசையிலிருந்து விலகி, படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்து, யாழ்ப்பாணப் பட்டணத்தைக் கடந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே நடந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. கடல் மணக்காத ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. குருநகர்க் கரையில் பிறந்த பிள்ளைகள் சாதாரண தரம் சித்தியடைந்தால் கலைப் பிரிவில் இருக்கலாம், வர்த்தகம் படிக்கலாம். விலங்கியல், தாவரவியல், இரசாயனம், பௌதிகம் என்று படிக்க ஆசைப்பட்டால் வேறு பள்ளிக்கூடம் தேட வேண்டும், அங்கே எங்களுக்கு இடம் கிடைப்பது அருமை. எங்கள் பள்ளியில் அந்தப் பாடங்களுக்கு ஆசிரியரும் இல்லை, ஆய்வுகூடமும் இல்லை. “கடற்கரைப் பிள்ளையளுக்கு உதெல்லாம் என்னத்துக்கு?” என்று கேட்டவர்கள் வெளியில் மட்டுமல்ல, எங்கள் ஒழுங்கைகளிலும் இருந்தார்கள். ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு ஓர் எண்ணம் விழுந்துவிட்டது: இந்தக் கரையிலிருந்து ஒரு வைத்தியராவது வர வேண்டும்.

கரைக்கு வந்த மீனைப் பிரிக்கும்போது வலைக்கு ஒரு பங்கு, வள்ளத்துக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு, மாதா கோயிலுக்கு ஒரு பங்கு என்று ஒதுக்குவது வழக்கம். அந்த வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்தது. அதை ‘விஞ்ஞானப் பங்கு’ என்றார்கள். மீன் படாத நாளிலும் இரண்டு சூடை மீனையாவது அந்தப் பெயர் சொல்லித் தனியே போடுவார்கள். அதை விற்றுத்தான் ஆய்வுகூடத்துக்குக் கூரை ஏறியது, நீள மேசை வந்தது, கண்ணாடிக் குழாய்கள் வந்தன. என் அண்ணை பிரான்சிஸ் எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அப்பா காய்ச்சலில் போனபிறகு எங்கள் வீட்டு அடுப்பு அவருடைய வலையில்தான் எரிந்தது. பங்கு ஒதுக்கும்போது அவர் கரை முழுவதும் கேட்கச் சொல்வார்: “இது மாதாவுக்கு. இது எங்கடை டொக்குத்தருக்கு!” எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு வெட்கத்தில் காது சுடும்.

முதல் வகுப்பில் நாங்கள் ஆறு பேர். விலங்கியல் படிப்பிக்கத் தெல்லிப்பழையிலிருந்து ஒரு ரீச்சர் பஸ்ஸில் வந்தார். மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்துப் படிப்பித்து வந்த குடும்பம். வெள்ளைச் சேலை, நறுவிசான பேச்சு. முதல் கிழமை முழுவதும் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டே பாடம் நடத்தினார். எங்களுக்குள் வாய் நீண்டவள் ஸ்ரெல்லா. ஒரு நாள் எழுந்து, “ரீச்சர், உப்பிடிப் பொத்தினால் கடல் மணம் போகாது, உங்கடை சீவன்தான் போகும்” என்றாள். நாங்கள் நடுங்கிப்போனோம். ரீச்சரோ விழுந்து விழுந்து சிரித்து, கைலேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தார். அதன்பிறகு அதை நாங்கள் காணவில்லை.

எங்கள் வகுப்புக்கு இருந்தது தற்காலிக அனுமதிதான். அதிகாரி ஒருவர் நேரில் வந்து, ஆய்வுகூடத்தில் செய்முறை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பார். திருப்தியில்லை என்றால் பிரிவை மூடிவிட்டு எங்கள் ஆறு பேரையும் கலைக்கு மாற்றிவிடுவார்கள், எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் கதவு அடைபட்டுவிடும். இது கரையில் எல்லோருக்கும் தெரியும். சந்தையில் மீன் விற்கும் என் அம்மாவிடம் வாங்க வருகிறவர்கள்கூட, “எப்பவாம் அதிகாரி வாறார்?” என்று விசாரித்துக்கொண்டுதான் மீனைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

அதிகாரிக்குச் சுறாவின் மூளையைக் காட்டுவது என்று ரீச்சர் முடிவு செய்தார். மண்டையின் மேல்பக்கத்தைத் தோல் தோலாகச் சீவி, உள்ளே வெண்ணெய்க்கட்டி போலக் கிடக்கும் மூளையையும், அதிலிருந்து கண்ணுக்கும் மூக்குக்கும் ஓடும் நரம்புகளையும் அறாமல் வெளியே கொண்டுவர வேண்டும். கை கொஞ்சம் அழுந்தினாலும் எல்லாம் குழம்பிவிடும். என் கை நிதானம் என்று அந்த வேலையை என்னிடம் தந்தார். மீனைக் கெடாமல் வைக்கும் ‘போமலின்’ அப்போது யாழ்ப்பாணத்துக்கு வருவதில்லை. ஆகவே சுறா அன்று பிடித்ததாக இருக்க வேண்டும்.

அதுதான் சிக்கல். அந்த நாட்களில் கடலுக்குப் போவதற்கு ஆயிரம் தடை. போனவர்கள் வெடிச்சத்தம் கேட்டு வலையை அறுத்துவிட்டு ஓடிவந்த கதைகள் கிழமைக்கொன்று வரும். ரீச்சருக்கே பயம். “சுறா கிடைக்காட்டில் பரவாயில்லை, தேரையை வெட்டிச் சமாளிப்பம்” என்றார். நான் அதை வீட்டில் சொன்னபோது அண்ணை சோற்றுக் கோப்பையிலிருந்து தலை நிமிர்த்தினார்.

“தேரையோ? கடற்கரைப் பள்ளிக்கூடத்திலை போய்த் தேரையைக் காட்டினால் அந்த மனிசன் சிரிக்கமாட்டாரே?” என்றார். பிறகு, “டேய் டொக்குத்தர், உண்மையாய்ச் சுறாவுக்கு மூளை இருக்கோ?”

“ஓம், இருக்கு.”

“இருந்தால் அது ஏன்ரா என்ரை வலையிலை வந்து படுது?”

அம்மா சிரித்துவிட்டு, “பகிடியை விட்டிட்டுச் சாப்பிடு. கடல் சரியில்லையெண்டால் போக வேண்டாம்” என்றார்.

“சரியில்லாத கடலிலைதானம்மா இவ்வளவு நாளும் சீவிக்கிறம்” என்றார் அண்ணை.

சுறாவுக்காகவே அவர் போனார் என்று நான் எழுதமாட்டேன். வீட்டில் அரிசி முடிந்திருந்தது. பல நாட்களாக வள்ளம் இறங்கவில்லை. சுறா இல்லாவிட்டாலும் அவர் போயிருப்பார்.

அதிகாரி வந்த காலை நான் வெள்ளைச் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு நேரத்தோடு பள்ளிக்குப் போய்விட்டேன். பலகை, குண்டூசி, உடைத்த சவர அலகு எல்லாம் தயார். அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்து, தேநீர் குடித்து, இரசாயனத்தையும் தாவரவியலையும் பார்த்து முடித்துவிட்டார். சுறாவை மட்டும் காணவில்லை. நான் பின்கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது அண்ணையோடு தொழிலுக்குப் போகும் மரியாம்பிள்ளை அண்ணை, ஈரச் சாக்கில் எதையோ சுற்றிக்கொண்டு பின்கதவடியில் வந்து நின்றார். ரீச்சர் எழுந்து போனார். ஒரு மீனை வாங்குவதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் இருவரும் அங்கே நின்றார்கள். பிறகு ரீச்சர் தாமே அந்தச் சாக்கை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார்; வெள்ளைச் சேலையில் மீன் தண்ணீர் வழிந்தது.

“கையைக் கழுவிப்போட்டு வாரும்” என்றார் என்னிடம். “அவசரப்படாதையும். ஆறுதலாய் வெட்டும்.”

முழ நீளச் சுறா, கண் இன்னும் மங்கவில்லை. நான் வெட்டினேன். ஸ்ரெல்லா தோலை இழுத்துப் பிடித்து ஊசி குத்தினாள். ரீச்சர் யன்னலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார், கடைசிவரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அன்று என் கைக்கு என்ன வந்ததோ தெரியாது. நரம்பு ஒவ்வொன்றும் நூல் பிரித்தது போலத் தனித்தனியே வந்தது. கண்ணுக்குப் போகும் நரம்பை ஊசி நுனியால் தூக்கிக் காட்டியபோது அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக் குனிந்து பார்த்தார். “நல்ல வேலை. நல்ல வேலை” என்றார். பிறகு நிமிர்ந்து ரீச்சரிடம், “சந்தையும் கரையும் பக்கத்திலை, ஒரே இரைச்சலாய் இருக்கும் எண்டு நினைச்சு வந்தனான். பிள்ளையள் படிக்க நல்ல அமைதியான இடம்” என்றார்.

“ஓம் சேர்” என்றார் ரீச்சர்.

அதிகாரி சொன்னபிறகுதான் நானும் கவனித்தேன். சந்தையில் மீன் கூறுக்கு விலை கேட்கும் சத்தம் இல்லை. ஒழுங்கையில் ஒரு பிள்ளை அழவில்லை. ஒரு வானொலி பாடவில்லை. எனக்கு அது பெருமையாக இருந்தது. எங்களுக்காக எல்லோரும் அடங்கி இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பிய சத்தம் ஓய்ந்ததும் கோயில் மணி அடித்தது. ஓர் அடி, இடைவெளி, இன்னோர் அடி. எங்கள் கோயிலைச் சேர்ந்த ஒரு சீவன் போனால் அந்தக் கணமே அடிக்கிற துக்க மணி. நான் பலகையைத் தூக்கிப் பிடித்தபடி, “எந்தக் கிழவன் போயிட்டுதாம்?” என்று கேட்டேன். அண்ணைக்குக் காட்டும்வரை அந்த மூளையைக் காய விடக்கூடாது என்பதே என் யோசனை. ரீச்சர் என் கையிலிருந்த அலகை மெதுவாக எடுத்தார்.

படலையடியில் மரியாம்பிள்ளை அண்ணை இன்னும் நின்றார். “தம்பி, வீட்டை போவம்” என்றார்.

“அண்ணை எங்கை?”

“வீட்டைதான் கிடக்கிறான்.”

விடியுமுன் கடலில் அண்ணைக்கு வெடி பட்டிருந்தது. யார் சுட்டது என்று எவரும் பேசிக்கொள்ளவில்லை, பேசி என்ன. வள்ளம் கரைக்கு வந்தபோது, நான் வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்குப் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அம்மா கரைக்கு ஓடிவந்து, மகனின் முகத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்து, கூடி நின்றவர்களிடம் சொன்னதை மரியாம்பிள்ளை அண்ணை பின்னர் எனக்குச் சொன்னார்: “சின்னவனுக்கு இப்ப ஒருத்தரும் சொல்லப்படாது. சோதினை முடியட்டும். மணி அடிக்க வேண்டாமெண்டு கோயில் சுவாமியாரிட்டைச் சொல்லுங்கோ. அந்தச் சுறாவைக் கொண்டுபோய்க் குடுங்கோ.” அப்படித்தான் கரை வாயை மூடியது. மீன் விற்றவர்கள் கையால் விலை காட்டினார்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

நான் போனபோது ஒழுங்கை நிறையச் சனம், ஒரு விசும்பல் கூட இல்லை. அண்ணையைப் பாயில் கிடத்திச் சுற்றிவர மெழுகுதிரி கொளுத்தியிருந்தார்கள். அம்மா தலைமாட்டில் இருந்தார். அழுத முகம் இல்லை அது. என்னைக் கண்டதும் கேட்டார்:

“மோனை, வெட்டினது சரி வந்திட்டுதோ?”

“ஓம் அம்மா” என்றேன்.

அதன்பிறகுதான் அம்மா கத்தினார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. கூடி நின்ற பெண்கள் எல்லோரும் அதுவரை அவருக்காகக் காத்திருந்தவர்கள் போல ஒன்றாகச் சேர்ந்து அழத் தொடங்கினார்கள்.

சில நாட்களில் நான் வகுப்புக்குத் திரும்பிப் போனேன். போகாமல் எப்படி இருப்பது? ஆனால் படிக்க முடியவில்லை. வெளியே இரைச்சல் இருக்கும்வரைக்கும் ஒன்றுமில்லை. சத்தம் கொஞ்சம் அடங்கினாலே எழுந்து யன்னலடிக்குப் போய் ஒழுங்கையைப் பார்ப்பேன். ரீச்சர் தடுக்கமாட்டார், பாடத்தை நிறுத்திவிட்டு நான் வந்து இருக்கும்வரை காத்திருப்பார். அவர் காத்திருப்பதும் ஓர் அமைதியாகத்தான் இருந்தது. அவர்கள் செய்தது பிழை என்று சொல்ல என்னால் முடியாது. ஊர் முழுவதும் அறிந்திருக்க, நான் ஒருவன் மட்டும் அந்தக் காலை முழுவதும் சந்தோஷமாக இருந்தேன் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அனுமதி கிடைத்தது என்று பிள்ளைகள் கைதட்டிய அன்று, இனி அங்கே இருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

அந்த வகுப்பு நடந்தது. எங்களுக்குப் பின்னால் இரண்டு மூன்று தொகுதிப் பிள்ளைகள் படித்தார்கள். ஸ்ரெல்லா மருத்துவத்தாதியாகி வெளிநாடு போனாள். பிறகு ஷெல் விழுந்து கரையே இடம்பெயர்ந்தது, ஆய்வுகூடம் கூரையில்லாமல் நின்று ஒரு மாரியில் சரிந்தது. ரீச்சரின் தெல்லிப்பழை வீடும் போய், அவரும் எங்கோ போனார். நான் மன்னாரில் உப்பு அள்ளி, வன்னியில் மரம் அரிந்து, தமிழ்நாட்டில் முகாமில் இருந்து, சுற்றிச் சுற்றி அண்மையில் ஒருமுறை கரைக்குப் போனேன். அம்மா இல்லை. பள்ளியில் மாடிக் கட்டடம் எழும்பியிருக்கிறது. விஞ்ஞானப் பிரிவு இருக்கிறது, சுவரில் தொங்கும் படங்களைப் பார்த்துப் படிக்கிறார்கள். கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த இளம் பொடியன்களிடம் விஞ்ஞானப் பங்கு என்று ஒன்று இருந்ததாகச் சொன்னேன். “அப்பிடியெண்டால் என்ன, ஐயா?” என்று கேட்டார்கள்.

கைதட்டிய அன்று நான் நடந்த நடை மருதனார்மடத்தில் நின்றது. இன்னும் நடந்தால் கீரிமலை வரும், அங்கேயும் கடல்தான். சந்தைக் கொட்டிலில் சாக்குகளின் மேல் படுத்து எழும்பி, காலையில் தேநீர்க் கடை வாசலில் நின்றேன். வெங்காயம் இறக்க வந்த தோட்டக்காரர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆரின்ரை பிள்ளை நீ? எவடம்?”

“குருநகர்.”

“கடற்கரைப் பொடியனுக்கு இஞ்சை என்ன அலுவல்?”

“வேலை தந்தால் செய்வன்.”

“பாத்திக்குத் தண்ணி மாறத் தெரியுமோ?”

“தெரியாது. காட்டினால் செய்வன்.”

“வெள்ளைச் சட்டையோடை நிக்கிறாய், படிக்கிறனியோ?”

“இல்லை” என்றேன்.

அவர் சைக்கிளின் பின்னால் ஏறிப் போனேன். செம்மண் தோட்டம், வெங்காயப் பாத்திகள். ஒரு பாத்தி நிரம்பியதும் மண்வெட்டியால் வாய்க்காலை அடைத்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மிசின் காது அடைக்க இரைந்துகொண்டிருந்தது. தூரத்து வரம்பிலிருந்து தோட்டக்காரர் கையை ஆட்டி என்னவோ சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, அடுத்த பாத்தியை வெட்டித் திறந்தேன்.