பூச்சியத்தை நம்பாத ஜூட்

ஜூட் நமுனுகுலவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின்வேலை பார்க்கிறான். மெயின் சுவிட்சைத் தானே அணைத்திருந்தாலும், டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கம்பியில் கை வைக்க மாட்டான். அந்தப் பழக்கத்தாலேயே மின்பொறியியல் டிப்ளோமாவின் கணிதப் பாடத்தில் நேரம் போதாமல் இரண்டு தடவை தோற்றான். இது கடைசித் தடவை. தவறினால் பதிவு ரத்து. நான்கு வருடப் படிப்பும் போய்விடும்.

பரீட்சைக்கு முந்திய ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தவனோடு, பள்ளித் தோழனான நான் பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து அவனுடைய பயிற்சிக் கொப்பியைப் பார்த்தேன். பூரியர் தொடரின் குணகங்களைக் காண எல்லாத் தொகையீடுகளையும் ஒன்றுவிடாமல் செய்திருந்தான். ஒரு பக்கம் முழுக்க எழுதி, கடைசியில் பூச்சியம்.

"இது ஒற்றைச் சார்புடா. கோசைன் பக்கம் தானா பூச்சியமாயிரும். எதுக்கு இழுத்துக்கிட்டு கிடக்க?"

"தானா ஆயிரும்னு யாரு சொன்னா?"

"படத்தைப் பாரு. இடப்பக்கம் கீழ, வலப்பக்கம் மேல. ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சிரும்."

"பாத்த ஒடனே கை வச்சவன்லாம் எங்க இருக்கான் தெரியுமா, பட்டதாரி சார்?"

சுருக்கென்றது. பட்டம் வாங்கிப் பதினாலு மாதம், வேலையில்லை. விரிவுரையில் கேட்டதை நம்பியவன் நான், அவ்வளவுதான். பேனாவை வாங்கி, x இருந்த இடத்தில் −x போட்டேன். சார்பு அப்படியே வந்தால் இரட்டை. முழுவதும் குறி மாறி வந்தால் ஒற்றை.

"ஒரு வரிதானா? அட, இதான்டா டெஸ்டர்! மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

பரீட்சையன்று மண்டபத்துக்கு வெளியே நிற்க முடியாமல் நடந்துகொண்டே இருந்தேன். எல்லோரும் போன பிறகுதான் அவன் வந்தான்.

"மைனஸ் பையில இருந்து பை வரைக்கும், x கூட்டல் ஒண்ணு. சாஞ்ச கோடு. பாத்தா ஒத்த மாதிரியே இருந்துச்சு."

"ஒத்தன்னு எழுதிட்டியா?"

"டெஸ்டர் வச்சேன். ஒண்ணு கழித்தல் x வந்துச்சு. ஒத்தையும் இல்ல, ரெட்டையும் இல்ல. அந்த ஒண்ணைக் கழட்டித் தனியா வச்சேன். மிச்சம் ஒத்த. சைனைப் பாதிக்குச் செஞ்சு ரெட்டிப்பாக்கினேன்."

"மத்தக் கேள்வி?"

"எல்லாம் முடிஞ்சு இருபது நிமிசம் மிச்சம்."

"அப்புறம் ஏன் கடைசியா வந்த?"

"கோசைனையும் முழுசாத் தொகையிட்டுப் பாத்தேன்."

"என்ன வந்துச்சு?"

"பூச்சியம்தான்." சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தான்.

நான் அங்கேயே நின்றேன். அந்தச் சாய்ந்த கோட்டைக் கண்டதும் நான் ஒற்றை என்றே எழுதியிருப்பேன்.