காலிக் குடத்தோடு தோத்திரம்

இன்று காலைப் பூசையில் சாமியார் ஓர் இளம் புனிதையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். இருமி இருமி ரத்தம் கக்கிய படுக்கையிலும் சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொன்ன பெண்ணாம்.

இன்று முழுக்க எதற்கும் முணுமுணுப்பதில்லை, தோத்திரமே சொல்வது என்று முடிவு செய்துகொண்டு மாதா கோயிலை விட்டு வெளியே வந்தேன்.

குழாயடி வரைக்கும் அது தாங்கியது.

விடியுமுன் வரிசையில் வைத்துவிட்டுப் போன என் குடத்தை யாரோ கடைசிக்குத் தள்ளியிருந்தார்கள். எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு கதீஜா. நின்ற அலுப்புக்கு அவளிடம் பிரசங்கத்தை அப்படியே ஒப்பித்தேன்.

அவள் குடம் நிறைந்ததும் குழாய் நின்றுவிட்டது.

"நாசமாப் போற ஊரு! ஒரு குடம் தண்ணிக்கு இம்புட்டுப் பாடா?" என்று கத்தினேன்.

கதீஜா தன் தண்ணீரில் பாதியை என் குடத்தில் ஊற்றினாள்.

"சர்வேசுரனுக்குத் தோத்திரம்!" என்றேன்.

"டீச்சரக்கா, குடம் காலியா இருந்தப்ப சொல்லியிருந்தா நீங்க அந்தப் புள்ள மாதிரி. தண்ணி கெடச்சப்புறம் எல்லாருந்தான் சொல்லுவோம்" என்று சிரித்தாள்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது காலிக் குடத்தோடு சொல்லியிருந்தால் எழுதுங்கள். நாளைக்கும் பூசைக்குப் போகிறேன். எப்படியும் கடைசிக் குடம் என்னுடையதுதான்.